பழைய கம்பியூட்டரில் ஸ்கிரீன் சேவரும் மற்ற ப்ரோகிராம்களும் ஏன் முட்டிக்கொள்கின்றன?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வகுப்பு எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கொழும்பு ஆபீஸ் ஒன்று கழித்துக் கொடுத்த பழைய மெஷின்கள். சிலவற்றில் விண்டோஸ் 98, மற்றவற்றில் எக்ஸ்பி. பாட வீடியோ ஓடும்போது, மெஷின் சும்மா இருந்தால் திரையை மூடிக்கொள்ளும் ஸ்கிரீன் சேவர் குறுக்கே வருகிறது. மவுஸை அசைத்தால் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் இருந்த இடம் கறுப்பு. டைப்பிங் பழகும், விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துப் பழைய ப்ரோகிராம் உறைந்து நிற்கிறது. 98 மெஷினில், டிஸ்கில் சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் முடிவதே இல்லை. பிரிண்டர் பூட்டிய மெஷினில் 3டி பைப்ஸ் என்ற சேவர் ஓடினால் பிரிண்ட் இழுபடுகிறது. திருத்தும் கடையில் கிராஃபிக்ஸ் கார்ட் மாற்றச் சொல்கிறார்களாம். மாற்றலாமா என்பது கேள்வி.

மாற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் கார்ட் பழுதானதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. கார்ட் போயிருந்தால், மெஷினைப் போட்டவுடன் வரும் பயாஸ் எழுத்துகளிலேயே பெரும்பாலும் கோடும் புள்ளியும் தெரியும். ஸ்கிரீன் சேவர் வருகிற நேரம் பார்த்து மட்டும் அது கெட்டுப்போகாது. உங்களிடம் இருப்பது ஒரே நோய் அல்ல, நான்கு வேறு முட்டல்கள். நான்கும் ஸ்கிரீன் சேவரின் பெயரில் வெளியே தெரிவதால் ஒன்றுபோல் இருக்கின்றன. மெஷின் சும்மா இருக்கிறது என்று தீர்மானிப்பது யார், திரையைக் கையில் வைத்திருப்பது யார், ப்ரொசெசரையும் ரேமையும் டிஸ்கையும் தின்பது யார் என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காசில்லாத வழி இருக்கிறது.

முதலில் ஸ்கிரீன் சேவர் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். இது விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விண்டோஸில் ஸ்கிரீன் சேவர் என்பது தனி வகைச் சாமான் அல்ல. சாதாரண இஎக்ஸ்இ ப்ரோகிராம்தான், பெயரின் வால் மட்டும் எஸ்சிஆர் என்று இருக்கும். 98இல் அவை சிஸ்டம் ஃபோல்டருக்குள் கிடக்கும், எக்ஸ்பியில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள். கீபோர்டும் மவுஸும் தொடப்படாத நேரத்தை விண்டோஸ் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அது எண்ணுவது அந்த இரண்டை மட்டும்தான். முப்பது பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. கேம் பேடை எவ்வளவு அமுக்கினாலும் அதுவும் இந்தக் கணக்கில் சேராது.

குறித்த நிமிடம் வந்ததும், அப்போது முன்னால் இருக்கும் வின்டோவுக்கு விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும்: ஸ்கிரீன் சேவரைத் தொடங்கப் போகிறேன். அந்த வின்டோவின் ப்ரோகிராம் செய்தியைக் கண்டுகொள்ளாமல் விண்டோஸிடமே திருப்பி விட்டால் சேவர் வரும். செய்தியைத் தானே பிடித்து வைத்துக்கொண்டால் வராது. நல்ல வீடியோ ப்ளேயர்கள் இப்படித்தான் சேவரை மறிக்கின்றன. ஆனால் செய்தி போவது முன்னால் இருக்கும் வின்டோவுக்கு மட்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் ப்ளேயரைக் குறை சொல்கிறார்கள். வீடியோவைச் சிறிய வின்டோவில் ஓடவிட்டு, பக்கத்தில் வேர்டில் நோட்ஸைத் திறந்து அதில் ஒரு தடவை கிளிக் செய்திருப்பீர்கள். அந்தக் கிளிக்கோடு வேர்ட் முன்னுக்கு வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துச் செய்தி வேர்டுக்குப் போகும், வேர்டுக்கு மறிக்க ஒரு காரணமும் இல்லை, சேவர் வந்துவிடும். வகுப்பில் வீடியோ போட்டால் முழுத்திரையில் போடுங்கள், வேறு எதையும் கிளிக் செய்யாதீர்கள். ‘சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை’ என்ற குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

விண்டோஸ் மீடியா ப்ளேயர் பாவிப்பதென்றால் ஆப்ஷன்ஸில் ப்ளேயர் என்ற தாளைத் திறந்து, படம் ஓடும்போது ஸ்கிரீன் சேவரை அனுமதிக்கும் வரிக்கு எதிரே டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். விஎல்சி என்ற ப்ளேயரிலும் வீடியோ செட்டிங்ஸில் சேவரை நிறுத்தும் ஆப்ஷன் உண்டு, அதில் டிக் இருக்க வேண்டும். ஒன்றில் எடுக்க வேண்டும், மற்றதில் போட வேண்டும். அவசரத்தில் மாறிப்போகும், வாசித்துச் செய்யுங்கள்.

வேறு சில ப்ரோகிராம்கள் இப்படி நாகரிகமாக மறிப்பதில்லை. தாங்கள் தொடங்கும்போது விண்டோஸின் செட்டிங்கிலேயே சேவரை அணைத்துவிட்டு, மூடும்போது திரும்பப் போட்டுவிடும். ஒழுங்காக மூடினால் பிரச்சினை இல்லை. நடுவில் கரண்ட் போனாலோ ப்ரோகிராம் தொங்கிப்போனாலோ திரும்பப் போட ஆளில்லை. அதற்குப் பிறகு அந்த மெஷினில் சேவர் வராமலே போகலாம். சித்திரை இடி மழைக் காலத்தில் நமது பக்கம் கரண்ட் போகிற வேகத்துக்கு இது அதிசயமும் இல்லை. டிஸ்ப்ளே ப்ராப்பர்டீஸைத் திறந்து சேவரை மறுபடி தேர்ந்து ஓகே கொடுத்தால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் மவுஸைப் பாருங்கள். கண்ணாடி போட்ட மேசையிலும் பளபளப்பான மேசையிலும் ஆப்டிகல் மவுஸ் தானாகவே நடுங்கும். பாயின்ட்டர் ஒரு புள்ளி அசைந்தாலும் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒரு கடுதாசியைக் கீழே வைத்தால் போதும்.

இனி அந்தக் கறுப்புப் பெட்டி. உங்கள் நான்கு தொல்லைகளில் கார்ட் பழுது என்று ஆட்களை நம்பவைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கார்டுகளில் வீடியோ படம் மற்ற வின்டோக்களைப் போல வரையப்படுவதில்லை. ஓவர்லே என்று தனிப் பரப்பு ஒன்றில் படம் ஓடும். திரையில் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு குறித்த நிறத்தை மட்டும் ப்ளேயர் பூசி வைக்கும். கார்ட் அந்த நிறம் இருக்கும் இடத்தில் ஓவர்லேயை ஒட்டிக் காட்டும். இதனால்தான் அந்தக் காலத்து மெதுவான ப்ரொசெசர்களில்கூட படம் தடுக்காமல் ஓடியது. பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலான பழைய கார்டுகளில் ஓவர்லே ஒன்றே ஒன்றுதான். லயத்துக்கு ஒரே பீலி (தண்ணீர் விழும் குழாய்) என்றால் ஒரு நேரத்தில் ஒரு குடம்தான் நிறையும் இல்லையா, அந்த நிலைமை. இரண்டு ப்ளேயரைத் திறந்தால் இரண்டாவதில் படம் வராமல் போவதற்கும் காரணம் இதுவே.

ஸ்கிரீன் சேவர் வரும்போது என்ன நடக்கிறது? டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸின் கிராஃபிக்ஸ் வசதி வழியாக எழுதப்பட்ட சேவர் திரையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், சில சேவர்கள் ரெசொல்யூஷனையே மாற்றிவிடும். எக்ஸ்பியில் பாஸ்வேர்டோடு வரும் சேவர் உங்கள் டெஸ்க்டாப்பிலேயே ஓடுவதில்லை. விண்டோஸ் அதற்கென்று வேறொரு டெஸ்க்டாப்புக்குத் தாவுகிறது. இப்படித் திரை கை மாறும்போது, வீடியோ ப்ளேயரும் கேம்களும் கார்டின் நினைவகத்தில் பிடித்து வைத்திருந்த பரப்புகள் பறிபோய்விடும். டைரக்ட்எக்ஸ் இதை ஒளிக்கவில்லை. ‘உன் பரப்பு போய்விட்டது, திரும்ப உண்டாக்கிக்கொள்’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியை ப்ரோகிராமுக்குக் கொடுக்கும். ஒழுங்காக எழுதப்பட்ட ப்ரோகிராம் அதைக் கேட்டுப் பரப்பைத் திரும்ப உண்டாக்கும். மற்றவை கேட்பதில்லை. சத்தம் போகும் பாதை வேறு என்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். படத்தின் இடத்தில் பூசிய நிறம் மட்டும் மிஞ்சும். அது கறுப்பாக இருக்கலாம், சில ப்ளேயர்களில் கடும் நீலமாகவோ ரோஸாகவோ இருக்கலாம். ஆக, நீங்கள் பார்க்கும் கறுப்பு, கார்ட் தோற்றுப்போன இடம் அல்ல. ப்ளேயர் திரும்ப வந்து தன் இடத்தைக் கேட்காமல் விட்ட இடம்.

சோதிக்க வழி இருக்கிறது. ப்ளேயரை மூடித் திறந்தால் படம் வந்துவிடுகிறதா? வந்தால் கார்ட் நன்றாக இருக்கிறது. அடுத்ததாக, ப்ளேயரின் செட்டிங்ஸில் ஓவர்லேயை நிறுத்திவிட்டு அதே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். மீடியா ப்ளேயரில் இது பெர்ஃபார்மன்ஸ் தாளில் அட்வான்ஸ்ட் என்பதற்குள் இருக்கும். இப்போது படத்தை ப்ரொசெசரே வரைய வேண்டியிருப்பதால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் சேவர் வந்து போனாலும் படம் தப்பும். பென்டியம் 4இல் சாதாரணப் பாட வீடியோவுக்கு இந்தக் குறைவு தெரியாது. பென்டியம் 3இல் தெரியும்; அங்கே ஓவர்லேயை விட்டுவிட்டு வீடியோ நேரத்தில் சேவரை நிறுத்துவதே நல்லது.

இன்னொரு சோதனை, கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் ப்ரோகிராமான டிரைவரைப் பற்றியது. எக்ஸ்பியில் டிஸ்ப்ளே ப்ராப்பர்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், ட்ரபுள்ஷூட் என்று போனால் ஹார்ட்வேர் அக்ஸலரேஷன் என்று ஒரு தள்ளுகோல் இருக்கும். 98இல் அது கன்ட்ரோல் பேனலின் சிஸ்டம் பகுதியில், பெர்ஃபார்மன்ஸ் தாளில், கிராஃபிக்ஸ் பட்டனுக்குள். அதை ஒவ்வொரு படியாக இடப்பக்கம் நகர்த்திச் சேவரைச் சோதியுங்கள். ஒரு குறிப்பிட்ட படியில் தொல்லை நின்றுவிட்டால் குற்றவாளி டிரைவர். கோலை மறுபடி வலப்பக்கமே விட்டுவிட்டு, அந்த போர்டுக்குரிய சரியான டிரைவரைப் போடுங்கள். கொடையாக வரும் மெஷின்களில் டிரைவர் இல்லாமல் இருப்பது மிகச் சாதாரணம். யாரோ ஒருவர் டிஸ்கை அழித்து விண்டோஸை மட்டும் போட்டுத் தந்திருப்பார். டிவைஸ் மேனேஜரில் வீடியோ கன்ட்ரோலருக்கு எதிரே மஞ்சள் அடையாளம் நின்றாலோ, டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் ஸ்டாண்டர்ட் விஜிஏ என்று இருந்தாலோ, வேறெதையும் தொடாமல் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிறம் மாறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 98 மெஷின்களில் ஒன்று 256 நிறத்தில் ஓடினால் விரைவில் கேட்பீர்கள். அந்த நிலையில் திரை முழுவதற்கும் சேர்த்தே ஒரு நிறப் பட்டியல்தான். விண்டோஸ் 20 நிறங்களைத் தனக்கென்று ஒதுக்கிவிடும். மிச்சம் 236ஐ முன்னால் இருக்கும் ப்ரோகிராம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். படம் காட்டும் சேவர் வந்து அந்த 236ஐயும் மாற்றிவிட்டுப் போனால், பின்னால் இருந்த ப்ரோகிராமின் படங்கள் பச்சையும் ஊதாவுமாகச் சிதறித் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து சேவ் செய்யாமல் மூடியவர்கள் உண்டு. ஒன்றும் கெடவில்லை. கார்ட் இடம் கொடுத்தால் 16 பிட் நிறத்துக்கு மாற்றுங்கள், இந்தத் தொல்லை அடியோடு போய்விடும்.

டாஸ் டைப்பிங் ப்ரோகிராமுக்கு வருவோம். முழுத்திரையில் ஓடும் டாஸ் ப்ரோகிராம் தனக்குத்தான் முழு மெஷினும் என்று நினைத்து எழுதப்பட்டது. கார்டை அது தன் பாணி நிலைக்கு மாற்றி வைத்திருக்கும். சேவர் வர வேண்டுமானால் விண்டோஸ் கார்டைத் திரும்ப கிராஃபிக்ஸ் நிலைக்கு இழுக்க வேண்டும், சேவர் போனதும் மறுபடி கொடுக்க வேண்டும். எழுத்து மட்டும் காட்டும் டாஸ் ப்ரோகிராம் இதைத் தாங்கும். கிராஃபிக்ஸ் காட்டும் டாஸ் ப்ரோகிராமை எக்ஸ்பி முழுத்திரையிலிருந்து வெளியே எடுத்தவுடன் நிறுத்தி வைத்துவிடும். நீங்கள் ‘உறைந்தது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிறுத்தம்தான். கீழே டாஸ்க்பாரில் அதன் பெயர் இருந்தால் கிளிக் செய்து, ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள், முழுத்திரைக்குத் திரும்பி விட்ட இடத்திலிருந்து ஓடும். ரீசெட் பட்டனை அமுக்க வேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நிரந்தரமாகத் தீர்க்க, அந்த ப்ரோகிராமின் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் மிஸ்க் என்ற தாளைத் திறங்கள். அங்கே ஸ்கிரீன் சேவரை அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த ப்ரோகிராம் முன்னால் இருக்கும்வரை சேவர் வராது. அதே தாளில் ஐடில் சென்ஸிடிவிட்டி என்று ஒரு கோல் இருக்கிறது. பழைய டாஸ் ப்ரோகிராம்கள் ‘யாராவது விசை அழுத்தினார்களா’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ளவை. வேலை இல்லாத நேரத்திலும் ப்ரொசெசரை முழுதாகத் தின்னும். அந்தக் கோலை உயர்த்தினால் விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் நேரத்தைச் சீக்கிரம் குறைக்கும், மற்ற வேலைகள் மூச்சுவிடும். தோட்ட ஆபீஸ்களில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) போடும் பழைய டாஸ் ப்ரோகிராம் இன்னும் ஓடும் இடங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

98இல் டிஃப்ராக் முடியாமல் சுற்றுவது எல்லாவற்றிலும் எளிது. டிஃப்ராகும், டிஸ்கில் பிழை தேடும் ஸ்கேன்டிஸ்கும் ஓடும்போது வேறு ஏதாவது அதே டிஸ்கில் எழுதினால், டிஸ்கின் நிலை மாறிவிட்டது என்று அவை முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேன்டிஸ்க் பத்துத் தடவை மறுதொடக்கம் ஆனதும் ஒரு எச்சரிக்கையே காட்டும். சேவர் தொடங்குவதே டிஸ்கைத் தொடும் வேலைதான். ரேம் குறைந்த மெஷினில் மற்ற ப்ரோகிராம்களை டிஸ்கில் ரேமுக்குப் பதிலாகப் பாவிக்கும் ஸ்வாப் ஃபைலுக்குத் தள்ளிவிட்டுத்தான் சேவர் ஏறும், அது இன்னும் மோசம். ஆகவே டிஃப்ராக்குக்கு முன் சேவரை நன் (None, எதுவும் வேண்டாம்) என்று போடுங்கள், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டிவைரஸ் முதலானவற்றை மூடுங்கள், பிறகு ஓடவிடுங்கள். அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் சேஃப் மோடில் போட்டு ஓட்டுவது இன்னும் நிச்சயமான வழி. சிடி எழுதும்போதும் சேவர் இருக்கக் கூடாது. பழைய ரைட்டர்களுக்கு டேட்டா இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுவில் தடைப்பட்டால் அந்த சிடி குப்பைதான். தடையைத் தாங்கும் ரைட்டர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்துதான் சந்தைக்கு வரத் தொடங்கின.

98இல் வரும் 3டி பைப்ஸ், 3டி மேஸ், 3டி டெக்ஸ்ட் எல்லாம் ஓப்பன்ஜிஎல் என்ற 3டி வரையும் முறையில் எழுதப்பட்டவை. கார்டின் டிரைவரில் ஓப்பன்ஜிஎல் வசதி இருந்தால் கார்ட் வரையும். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் மென்பொருள் வழியில் ப்ரொசெசரே ஒவ்வொரு புள்ளியாக வரையும். அப்போது அது நூறு வீதம் ஏறி நிற்கும். பிரிண்டர் பூட்டிய மெஷினிலும் மற்றவர்களுக்கு ஃபைல் பகிரும் மெஷினிலும் இந்த வகைச் சேவரை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த மெஷினில் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள் என்பதால் சேவர் கட்டாயம் வரும்; வந்ததும் மற்ற எல்லா மெஷின்களும் மெதுவாகும். ஆனால் காரணம் யார் கண்ணிலும் படாது. போய் மவுஸைத் தொட்டதும் சரியாகிவிடுவதால், ‘நீங்கள் வந்தால் ஓடுகிறது’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிரிண்டர் மெஷினுக்கு, வெறும் கறுப்புத் திரை காட்டும் ப்ளாங்க் சேவர் போதும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். 3டி சேவர் ஓடும்போது மெஷின் மெதுவாகாமல், தானாக ரீஸ்டார்ட் ஆனால் அல்லது அப்படியே அணைந்தால், அது பெரும்பாலும் ப்ரோகிராம் முட்டல் அல்ல. சேவர் மெஷினை முழு உழைப்புக்கு ஏற்றுகிறது. அந்த உழைப்பில் சூடோ கரண்ட் போதாமையோ வெளிப்படுகிறது. ப்ளாங்க் போட்டால் நிற்கிறது, பைப்ஸ் போட்டால் விழுகிறது என்றால் மூடியைக் கழற்றுங்கள். ப்ரொசெசர் விசிறியில் தூசு கம்பளி மாதிரி அடைத்திருக்கும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரக் காற்றில் அந்தத் தூசு ஊறி ஒட்டிப்போகும். ஊதினால் போகாது, காய்ந்த பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். போர்டில் ப்ரொசெசரைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் செய்த போர்டுகளில் இவை ஊதி வெடிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. ஊதியிருந்தால் கை பழகிய ஒருவரைக் கொண்டு மாற்றலாம், போர்டை எறிய வேண்டியதில்லை.

எல்லா மெஷினுக்கும் பொதுவான ஒரு சோதனை சொல்கிறேன், கையில் எடுத்ததும் இதைத்தான் செய்ய வேண்டும். சேவரை ப்ளாங்க் என்று மாற்றி, காத்திருக்கும் நேரத்தை 1 நிமிடமாக்கி, பாஸ்வேர்ட் டிக்கை எடுத்துவிட்டு, தொல்லை தரும் ப்ரோகிராமைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ப்ளாங்க் எதையும் வரைவதில்லை, ப்ரொசெசரைத் தின்பதும் இல்லை. ப்ளாங்கிலும் தொல்லை வந்தால் பிரச்சினை சேவர் தொடங்கும் விதத்திலோ திரை கை மாறுவதிலோ இருக்கிறது. ப்ளாங்கில் வராமல் பழைய சேவரில் மட்டும் வந்தால் அந்தச் சேவரின் கனம் அல்லது டிரைவர். பாஸ்வேர்ட் டிக் போட்டால் மட்டும் வந்தால் எக்ஸ்பி வேறு டெஸ்க்டாப்புக்குத் தாவுவதை அந்த ப்ரோகிராம் தாங்கவில்லை.

ப்ரிவியூ பட்டனை நம்பி முடிவு எடுக்காதீர்கள். ப்ரிவியூ சேவரை நேரடியாக ஓட்டிவிடும். முன்னால் இருக்கும் வின்டோவிடம் கேட்கும் படியும், பூட்டும் படியும் அதில் நடப்பதில்லை. ஆனால் அதிலும் ஒரு பயன் உண்டு. ப்ரிவியூவில் ஓடுகிறது, மவுஸும் நடுங்கவில்லை, தானாக மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு ப்ரோகிராம் மறிக்கிறது. எம்எஸ்கான்ஃபிக்கில் தொடக்கத்தில் ஏறுபவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி அதைப் பிடித்துவிடலாம்.

பிள்ளைகளோ பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையோ கொண்டுவந்து போடும் சாமிப் படச் சேவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விளக்கு அசையும், மணி அடிக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். எஸ்சிஆர் ஃபைல் முழு ப்ரோகிராம் என்று மேலே சொன்னேன்; டபுள் கிளிக் செய்தவுடன் அது எதையும் செய்யலாம். விளம்பர ப்ரோகிராம்களும் வைரஸ்களும் இந்த வேஷத்தில் ஏராளமாக வந்திருக்கின்றன. விண்டோஸ் ஃபைலின் வாலை மறைத்துக் காட்டும் வழக்கம் இருப்பதால் படம் என்று நினைத்துத் திறந்துவிடுவார்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வாலைக் காட்டச் செய்யுங்கள். கோயில் தேர்ப் படமோ பிள்ளைகள் வரைந்த படமோ திரையில் ஓட வேண்டும் என்று ஆசை இருந்தால், எக்ஸ்பியில் மை பிக்சர்ஸ் ஸ்லைட்ஷோ என்ற சேவர் ஏற்கெனவே இருக்கிறது. படங்களைத் திரையின் அளவுக்குச் சுருக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு அதைக் காட்டிவிடுங்கள். போனில் எடுத்த பெரிய படங்களை அப்படியே போட்டால் 128 எம்பி ரேம் தாங்காது. ஹார்ட் டிஸ்க் லைட் விடாமல் எரிந்து மெஷின் திணறும்.

சேவர் உண்மையில் தேவையா என்று கேட்டால், குண்டு மொனிட்டர் இருக்கும்வரை ஓரளவு தேவை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் உள்ளே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து நிரந்தர நிழல் விழும். இதைத் தடுக்கத்தான் 1983 டிசம்பரில் ஜான் சோக்கா என்பவர் மூன்று நிமிடத்தில் திரையை இருட்டாக்கும் சிறு ப்ரோகிராமை எழுதி ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார். முதல் சேவர் வெறும் இருட்டுதான். பறக்கும் டோஸ்டர்களும் மீன் தொட்டிகளும் பிறகு அழகுக்காக வந்தவை. தட்டை எல்சிடி திரைக்குப் பாஸ்பர் இல்லை, அதற்குச் சேவரால் நன்மையும் இல்லை. பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு வகைக்கும் சிறந்தது மொனிட்டரையே அணைப்பது. பவர் ஆப்ஷன்ஸில் மொனிட்டர் 10 நிமிடத்தில் அணைய வைத்து, சேவரை நன் ஆக்கிவிடுங்கள். 17 அங்குலக் குண்டு மொனிட்டர் எரியும்போது ஏறக்குறைய 70, 80 வாட் இழுக்கும், உறக்கத்தில் மிகச் சொற்பம். ஆனால் முழு மெஷினையும் ஸ்டான்ட்பைக்குப் போக விடாதீர்கள். அந்தக் காலத்து போர்டுகளில் பல அதிலிருந்து எழும்பாமல் கிடக்கும், உறைந்துவிட்டது என்று மறுபடி ஒரு புகார் வரும்.

பூட்டுவது வேறு விஷயம். வாசிகசாலையில் தேவைப்படாது, ஆனால் சம்பளக் கணக்கு இருக்கும் ஆபீஸ் மெஷினில் தேவை. எக்ஸ்பியில் எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும். 98இல் சேவருக்குப் போடும் பாஸ்வேர்டை நம்ப வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து லொகின் பெட்டியில் எஸ்கேப் அழுத்தினால் யாரும் உள்ளே போய்விடலாம்.

பிறகு ஏதாவது மெஷினில் லினக்ஸ் போட்டால் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். டெஸ்க்டாப்போடு வரும் சேவர் ஒன்று ஓடும்போது எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற தனிச் சேவர் ப்ரோகிராமையும் நிறுவினால் இரண்டும் ஒரே திரைக்கு அடிபடும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கார்டுக்கென்று ஒதுக்கிய காசு கையில் இருந்தால் அதை ரேமுக்குச் செலவழியுங்கள். போர்டிலேயே கிராஃபிக்ஸ் இருக்கும் மெஷின்களில் அது பிரதான ரேமிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; எக்ஸ்பிக்கு 512 எம்பி இருந்தால் சேவர் வந்து போன பிறகு வரும் இழுபறி பெரும்பகுதி போய்விடும். வாங்கப் போகும் முன் பழைய ரேமைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். பென்டியம் 4இல் எஸ்டிரேம் ஏற்கும் போர்டும் உண்டு, டிடிஆர் ஏற்கும் போர்டும் உண்டு. எஸ்டிரேமின் அடியில் இரண்டு வெட்டு இருக்கும், டிடிஆரில் ஒன்று. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.